ஃபைலை மகளிடம் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: டாக்டர், கரூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 19 வயது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் இ.சி.இ. இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறாள். ப்ளஸ் ஒன் படித்தபோது எழுதும்போது மட்டும் வலது கை முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் கழுத்தும் இடது பக்கமாக இழுக்கத் தொடங்கியது. டிஸ்டோனியா என்றார்கள், தசைகள் தானாக இறுகி முறுக்கிக்கொள்ளும் நோயாம். மாத்திரையும், தசையைத் தளர்த்த மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போடாக்ஸ் ஊசியும் நடக்கிறது. போன செமஸ்டரில் இரண்டு அரியர், நேரம் பத்தவில்லை என்கிறாள். வேறு ஆளை வைத்து எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். லீவுக்கு வந்தபோது அவள் பையில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். தினமும் நாலு தடவை போன் செய்து கேட்பேன். மாத்திரை போடுகிறாளா என்று கவனிக்கும்படி ரூம்மேட்டிடம் சொல்லி வைத்தது அவளுக்குத் தெரிந்துபோய், இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் போனையே எடுக்கிறாள். எப்போது பார்த்தாலும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள், அதைச் சொன்னாலும் கோபம். டி.சி. வாங்கி வீட்டோடு வைத்து கரஸ்ஸில் படிக்க வைத்துவிடலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமோ என்றும் பயமாக இருக்கிறது. மூளையில் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, செய்துவிடலாமா? இவளை நான் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: டி.சி. வாங்க வேண்டாம் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

படிப்பதால் டிஸ்டோனியா வளர்வதில்லை. பதற்றம், தூக்கமின்மை, களைப்பு இருக்கும் நாட்களில் இழுப்பு கூடும், ஓய்வெடுத்தால் குறையும், தூங்கும்போது பெரும்பாலும் காணாமலே போய்விடும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் “ஹாஸ்டல் போனதால் அதிகமாகிவிட்டது” என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். சின்ன வயதில் வரும் டிஸ்டோனியா ஆரம்பத்தில் சில வருடங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவலாம், அப்புறம் பலருக்கு ஒரு நிலையில் வந்து நின்றுவிடும். உங்கள் மகள் இப்போது அந்தச் சில வருடங்களில் இருக்கிறாள். வீட்டில் உட்கார வைத்தால் கழுத்து நேராகாது, படிப்பு மட்டும்தான் நிற்கும்.

கன்னத்தில் கை வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வது எனக்கும் தெரியும், என் பாட்டியும் அதற்காகவே கையைத் தட்டிவிடுவார். ஆனால் கழுத்து டிஸ்டோனியா இருப்பவர்கள் பலருக்கு, தாடையிலோ கன்னத்திலோ விரல் நுனியை லேசாக வைத்தாலே இழுப்பு தளர்ந்து தலை நேராக நிற்கும். அழுத்திப் பிடிக்கக்கூட வேண்டாம், தொட்டால் போதும். தோலில் படும் அந்தத் தொடுகையே மூளை தசைக்கு அனுப்பும் தவறான கட்டளையைக் கொஞ்ச நேரம் தணிக்கிறது. நாங்கள் கிளினிக்கில் இதைக் கேட்டுத்தான் நோயையே உறுதி செய்துகொள்வோம். யாரும் சொல்லித்தராமல் உங்கள் பெண் தானே கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியம் அது. “கையை எடு” என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவள் கழுத்து திரும்பவும் இழுக்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்த நோயில் இப்படி விசித்திரமான விஷயங்கள் நிறைய. பேனா பிடித்தால் முறுக்கும் கை, அதே கை, போனில் டைப் செய்யும்போது ஒழுங்காக வேலை செய்யும். முன்னால் நடந்தால் கால் பின்னிக்கொள்ளும் பிள்ளையைப் பின்னோக்கி நடக்கச் சொன்னால் சாதாரணமாக நடக்கும். அதனால்தான் “நடிக்கிறாள்”, “மனசுல ஏதோ இருக்கு”, “எல்லாம் போன் பார்த்துப் பார்த்து வந்தது” என்ற பேச்சு வருகிறது. பேராசிரியர்களும் அப்படி நினைக்கக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை விஷயத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

சரி, மாத்திரை. நீங்கள் பெயர் எழுதவில்லை. இந்த வயதில் டிஸ்டோனியாவுக்கு வழக்கமாகக் கொடுப்பது ட்ரைஹெக்ஸிஃபெனிடில், கூடவே சிலருக்கு க்ளோனாசிபாம் அல்லது பாக்லோஃபென். ட்ரைஹெக்ஸிஃபெனிடில்தான் என்று வைத்துக்கொள்வோம். அது இளவயதில் நன்றாக வேலை செய்யும், ஆனால் சும்மா வேலை செய்யாது. நாக்கு ஒட்டிக்கொள்ளும், மலச்சிக்கல் வரும், போர்டைப் பார்த்துவிட்டு நோட்டைப் பார்த்தால் எழுத்து மங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, படித்தது மனதில் நிற்காமல் ஒரு மந்தம் வரும். அரியர் வைத்திருக்கும் ஒரு பெண், படித்தது மறந்துபோகிறதே என்று பயந்து அந்த மாத்திரையை நிறுத்தியிருந்தால் அது அலட்சியம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாஸாக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அவள் எடுத்த முடிவு தப்பு, எடுத்த காரணம் தப்பில்லை.

தப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. பாக்லோஃபெனையும் க்ளோனாசிபாமையும் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எதை நிறுத்தினாலும் இழுப்பு பல மடங்காகத் திரும்பலாம். குறைக்க வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அளவை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். இதற்கெல்லாம் முதலில் டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டும். அவள் ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு தடவையும் டாக்டர் முன்னால் நீங்கள் அமர்ந்து, நீங்கள் பேசி, “மாத்திரை எல்லாம் கரெக்டா போட்டுக்கறா சார்” என்று நீங்களே பதிலும் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பத்துக்கு எட்டு அம்மாக்கள் என் எதிரில் அப்படித்தான் செய்கிறார்கள், பிள்ளை பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயமே இதுதான். அந்த ஃபைலை அவளிடம் கொடுத்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி, எந்தத் தசையில் எத்தனை யூனிட் ஊசி என்று எழுதிய தாள், எல்லாம் சேர்த்து பீரோவில் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் அந்த ஃபைல். அவளுக்கு 18 தாண்டிவிட்டது. சட்டப்படி தன் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவள் அவள்தான். சட்டத்தை விடுங்கள், இன்னும் பல வருடம் இந்தக் கழுத்தோடும் கையோடும் வாழப்போகிறவளுக்குத் தன் மாத்திரையின் பெயரும் அளவும் தெரியாமல் இருந்தால் எப்படி? நீங்கள் ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை.

கொடுக்கும்போது சொற்பொழிவு வேண்டாம். ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். அப்போது இரண்டு விஷயத்தை நீங்களும் பார்க்க வேண்டும். ஒன்று, வில்சன் நோய்க்கான பரிசோதனை நடந்திருக்கிறதா என்று. உடலில் செம்பு தங்குவதால் வரும் நோய் அது, ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண்ணில் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை என்று பார்ப்பார்கள். இன்னொன்று, லெவோடோபா மருந்தைக் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்தார்களா என்று. இளவயது டிஸ்டோனியாவில் ஒரு வகை அந்த மருந்தின் சிறு அளவுக்கே ஆச்சரியமாகக் கட்டுப்படும். பெரும்பாலும் இரண்டையும் பார்த்திருப்பார்கள். பார்க்கவில்லை என்றால் அடுத்த தடவை அவளே டாக்டரிடம் கேட்கட்டும்.

அந்த அடுத்த தடவை, முதல் பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். உள்ளே அவள் மாத்திரை மந்தத்தைப் பற்றிச் சொல்வாள், வேறு எதையாவதும் சொல்லலாம். அப்புறம் உங்களைக் கூப்பிடுவார்கள்.

ரூம்மேட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அந்தப் பெண்ணிடம் “ஆன்ட்டி தெரியாமல் சொல்லிவிட்டேன்மா, விட்டுடு” என்று சொல்லிவிடுங்கள், மகளிடமும் சொல்லுங்கள். ஒரே அறையில் இருப்பவள் வேவு பார்க்கிறாள் என்றால் அங்கே எப்படித் தூக்கம் வரும்? போனும் நாலு தடவை வேண்டாம். தினம் ஒரு நேரம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் நோயைப் பற்றிய பேச்சை அவளே எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள். மெஸ்ஸில் என்ன போட்டார்கள், எந்த லெக்சரர் போர் அடிக்கிறார், இதெல்லாம் பேச எவ்வளவோ இருக்கிறது. மாத்திரை பற்றிக் கேட்டே ஆக வேண்டுமென்றால் “போட்டியா” என்று கேட்காமல் “அதைப் போட்டா எப்படி இருக்கு” என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது பரீட்சை. இதில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக உரிமை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17-வது பிரிவிலேயே, தேர்வில் கூடுதல் நேரமும் எழுத உதவியாளரும் தர வேண்டும் என்கிறது. குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் தருவோம் என்று கல்லூரியில் சொன்னால், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சொல்லலாம். சிவில் சர்வீஸ் தேர்வு எழுத வந்த ஒருவருக்கு இருந்ததும் ரைட்டர்ஸ் கிராம்ப்தான், அதாவது உங்கள் மகளுக்கு ஆரம்பித்தது போல எழுதும்போது கை முறுக்கும் டிஸ்டோனியா. 40 சதவீதச் சான்று இல்லை என்பதற்காக உதவியாளரை மறுக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதை ஒட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல், மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். 2025 பிப்ரவரியிலும் கையில் டிஸ்டோனியா உள்ள இன்னொருவர் வங்கித் தேர்வுக்காகப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே பக்கம்தான் நின்றது. விதிமுறைகளும் படிவங்களும் அவ்வப்போது மாறுகின்றன, நடப்பில் இருப்பது எது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் மகளுக்குக் கூடுதல் நேரம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். முறுக்கும் கையால் மூன்று மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம் எழுது என்பது வலியை ஒரு மணி நேரம் நீட்டுவதுதான். உதவியாளர் வேண்டாம் என்று அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சர்க்யூட் படமும் கணக்கும் நிறைந்த பேப்பரை, அந்தப் பாடம் தெரியாத ஒருவருக்கு வாயால் சொல்லி எழுத வைப்பது தனிக் கலை, பழக்கமில்லாமல் நேராக செமஸ்டரில் போய் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு அரியர்தான் விழும். அதனால் இன்டர்னல் தேர்வுகளிலேயே பழகிப் பார்க்கட்டும், முடிந்தவரை ஒரே ஆளை வைத்து. இன்னொரு வழி, விடையைக் கணினியில் டைப் செய்ய அனுமதி கேட்பது. டைப் செய்யும்போது கை ஒத்துழைக்கிறது என்றால் தியரி பேப்பர்களுக்கு அவள் அதையே விரும்பலாம். எது என்பதை அவள் முடிவு செய்யட்டும். கல்லூரிக்கும் அவளே போகட்டும், நீங்கள் கூடப் போக வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போங்கள். எச்.ஓ.டி.யிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லி வைப்பதோடு நிறுத்தக்கூடாது, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு கையெழுத்தும் வாங்க வேண்டும்.

டாக்டரிடம் வாங்கும் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. எத்தனை நிமிடம் எழுதினால் கை முறுக்குகிறது, எழுத்து எப்படி ஆகிறது, டைப் செய்வதில் சிரமம் உண்டா இல்லையா என்று விவரமாக எழுதித்தரச் சொல்லுங்கள். “போன்ல மட்டும் நல்லா டைப் பண்றாளே” என்று யாராவது கேட்டால் பதில் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

சர்டிபிகேட்டுக்கும் இதே கடிதம் உதவும். சட்டத்தில் உள்ள 21 வகைகளில் டிஸ்டோனியா என்ற பெயர் தனியாக இல்லை, அதனால் மருத்துவக் குழுவில் எந்த வகை என்று குழப்பம் வரலாம், கை கழுத்தின் செயல்பாட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் குழு கூடும் நாளைச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்ற உங்கள் பயத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். கழுத்து இழுப்பதை மறைத்து ஒரு கல்யாணத்தை நடத்த முடியாது, மறைக்கவும் கூடாது. அப்படியிருக்க, படிப்பிலும் வேலையிலும் உதவக்கூடிய சர்டிபிகேட்டை மட்டும் மறுத்து என்ன லாபம்? கடைசி முடிவு அவளுடையது. பிள்ளைக்கும் வருமா என்ற கேள்வி எழும்போது, மரபணுப் பரிசோதனை பற்றி அவளே மருத்துவரிடம் பேசிக்கொள்ளட்டும், இப்போது அதற்கு அவசரம் இல்லை.

ஆபரேஷன் என்று நீங்கள் கேள்விப்பட்டது டி.பி.எஸ்., அதாவது ஆழ்மூளைத் தூண்டல். மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளை வைத்து, மார்புத் தோலுக்கடியில் ஒரு பேட்டரிக் கருவியை இணைப்பார்கள். சில வகை டிஸ்டோனியாவில் மிக நல்ல பலன் தரும், ஆனால் பலன் முழுதாகத் தெரிய மாதங்கள் ஆகும், நோயை வேரோடு எடுப்பதில்லை, பேட்டரியும் மாற்ற வேண்டிவரும். மாத்திரையும் ஊசியும் ஒழுங்காகப் போட்டும் போதவில்லை என்ற நிலையில்தான் அந்தப் பேச்சு. உங்கள் மகள் மாத்திரையே போடவில்லை, எனவே போதுமா போதாதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இரண்டிலும் இந்த இயக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது, இதைப் பல வீடுகளில் யாருமே சொல்வதில்லை. வாந்தி என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டுவிடுவார்கள். தலைசுற்றல் என்றால் புரோகுளோர்பெரசின். இரண்டுமே நல்லபடி இருப்பவர்களுக்கே சில சமயம் கழுத்தை முறுக்கிவிடும், இவளுக்குக் கூடவே கூடாது. வாந்திக்கு ஆன்டன்செட்ரான் போடலாம். இதை ஒரு சின்ன அட்டையில், நோயின் பெயர், எடுக்கும் மருந்துகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள், டாக்டரின் எண் என்று எழுதி அவள் பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும், போனிலும் படமெடுத்து வைக்கட்டும். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கும், அதனால் ஏப்ரல் மே வெயிலில் உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் ஊசி போட்ட பிறகு ஒன்றிரண்டு வாரம் விழுங்கச் சிரமம் வரலாம், லேசாக இருந்தால் குழைவான சாப்பாட்டோடு சமாளிக்கலாம், தண்ணீரே புரையேறினால் அல்லது மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் காத்திருக்கக்கூடாது. உடம்பு முழுக்க இறுக்கம் விடாமல் நீடித்து, காய்ச்சலும் வியர்வையும் வந்து, சிறுநீர் கருமையாகப் போனால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான். ரூம்மேட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டியது இதைத்தான், அதையும் உங்கள் மகளே சொல்லட்டும்.

போனை எடுக்காமல் இருப்பதில் கோபம் மட்டும்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். டிஸ்டோனியாவோடு மனச்சோர்வும் பதற்றமும் அடிக்கடி சேர்ந்து வரும். அது நோயின் ஒரு பகுதி, தனியாகச் சிகிச்சை கொடுக்க வேண்டியது. தூக்கம், சாப்பாடு, குளிப்பது, தோழிகளோடு பேசுவது இதெல்லாம் மாறியிருக்கிறதா? நேரில் போய்ப் பார்க்கும்போது சுற்றி வளைக்காமல் கேளுங்கள், “வாழவே பிடிக்கலைன்னு எப்பவாவது தோணுதா” என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அவளும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

கடைசியாக ஊசித் தேதி. அரியர் எப்படி விழுந்தது என்று யோசித்தபோது எனக்கு வந்த சந்தேகம் இது. போடாக்ஸ் போட்ட அன்றே வேலை செய்யாது. சில நாளில் ஆரம்பித்து, மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் உச்சத்துக்கு வந்து, பன்னிரண்டு வாரத்தில் இறங்கிவிடும். கையில் போட்டால் முதலில் விரல்கள் கொஞ்சம் பலவீனமாகவும் ஆகலாம். போன செமஸ்டர் தேர்வு ஊசி இறங்கிய வாரங்களில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஃபைலில் தேதி இருக்கும், பாருங்கள். நவம்பர் நடுவில் தேர்வு என்றால் அக்டோபர் நடுவில் ஊசி போட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் திரும்பப் போடுவதும் நல்லதில்லை, மருந்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. ஆக, அதற்கு முந்தைய ஊசி ஜூலை நடுவுக்குள் முடிந்திருக்க வேண்டும், ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போனால் அடுத்தது தேர்வு முடிந்த பிறகுதான் கிடைக்கும். தேர்வு அட்டவணையையும் ஃபைலையும் பக்கத்தில் வைத்து இந்தக் கணக்கை அவள் போடட்டும். ஆஸ்பத்திரிக்கு போன் செய்து தேதி வாங்குவதும் அவள்தான். ஊசிக்குப் பணம் கட்டுகிற நாளில் நீங்கள் பஸ் ஏறினால் போதும்.